கறுப்பிலும் கறுப்பு

32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தார்கள், 2025 செப்டம்பர் 22 முதல். வரி குறைந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அதற்குப் பிறகு கிளம்பிய பேச்சுதான் தாங்கவில்லை. எங்கள் ஊர் அமராவதிபுதூரில் முன்பெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்தால் மழை உண்டா, மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து எப்போது வருகிறார், ஆச்சிக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்கள். இப்போது காரைக்குடி பஸ்ஸில் முன்சீட்டில் எல்இடியா க்யூஎல்இடியா, பின்சீட்டில் ஓஎல்இடியா மினி எல்இடியா. பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போதுகூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டோம். நாலு பேரைக் கேட்டு, நாற்பது வீடியோ பார்த்து, கடைசியில் கடைக்காரர் எதன்மேல் கை வைக்கிறாரோ அதையே வாங்கி வருகிறோம். சரி, எதைத்தான் வாங்குவது? சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சங்கதியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் திரைகளுக்குள் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வித்தியாசம் குடியிருப்பது கடைச்சுவரில். வண்டியில் ஏற்றும்போது டிவி மட்டும்தான் ஏறுகிறது.

விஞ்ஞானத்தை நான் குறை சொல்லவில்லை. 1888-ல் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியர் கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சூடாக்கினார்; அது உருகிய பிறகும் படிகத்தின் குணத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எல்சிடியின் கதை அங்கே ஆரம்பிக்கிறது. பெங்களூர் ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் சர் சி.வி. ராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகர் 1977-ல் தட்டு வடிவ மூலக்கூறுகளிலும் அந்தக் குணத்தைக் கண்டுபிடித்தார். அந்த வகைப் பொருளைப் பூசிய படலம்தான் பல எல்சிடித் திரைகள் பக்கவாட்டில் வெளுத்துப்போகாமல் காப்பாற்றியது. திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கும் விளக்குக்கு ஆதாரமான நீல எல்இடிக்கு 2014-ல் நோபல் பரிசு. அந்த வெளிச்சத்துக்கு நிறம் கூட்ட நடுவில் வைக்கும் குவாண்டம் புள்ளிகளுக்கு 2023-ல் நோபல் பரிசு. எல்இடி டிவி என்று விற்பதும் எல்சிடிதான், பின்விளக்கு மட்டும் எல்இடி. க்யூஎல்இடி என்றால் அதோடு குவாண்டம் புள்ளிப் படலம். மினி எல்இடி என்றால் அந்த விளக்குகளைப் பொடிப்பொடியாக்கிப் பகுதி பகுதியாக ஏற்றி இறக்குவது. ஓஎல்இடி ஒன்றுதான் தனி ஜாதி: பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். 1987-ல் கோடாக் கம்பெனியில் டாங், வான் ஸ்லைக் என்ற இருவர் அதற்கு வழி காட்டினார்கள். இத்தனை பேர் மூளையைக் கசக்கிச் செய்த திரையில், கடையில் என்ன ஓடுகிறது? கிளி.

பஞ்சவர்ணக்கிளி. அது தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும். இறகு ஒவ்வொன்றையும் எண்ணலாம். கிளி போனதும் தேன். ஒரு மரக்கரண்டியிலிருந்து தேன் ஒழுகும், ஒழுகும், ஒழுகிக்கொண்டே இருக்கும், யாரும் நக்குவதில்லை. பிறகு பாலில் ஒரு ஸ்ட்ராபெரி விழும். பழம் விழுவதற்குள் நாம் ஒரு காபி குடித்து வந்துவிடலாம், அவ்வளவு நிதானம். பிறகு கறுப்புத் தண்ணீரில் ஜெல்லி மீன். பிறகு பாலைவனத்தில் சிவப்புச் சேலை மாதிரி ஒன்றைப் பறக்கவிட்டுக்கொண்டு ஒரு பெண் ஓடுவாள். எங்கே ஓடுகிறாள், வீட்டில் சொல்லிவிட்டு வந்தாளா, தெரியாது. பிறகு ஐஸ்லாந்து அருவி. பிறகு துபாய் இரவு. பிறகு மறுபடி கிளி. இந்த உலகத்தில் யாரும் பேசுவதில்லை, யாருக்கும் வயதாவதில்லை, விளம்பர இடைவேளை இல்லை. கூட்டுக் குடும்பத்தைக் கெடுக்க வந்த சின்ன மருமகள் இல்லை. கீழே ஓடும் எழுத்து இல்லை. ஆபரணத் தங்கம் சவரனுக்கு எவ்வளவு ஏறிற்று என்று கிளியின் வயிற்றில் எழுதியிருப்பதில்லை. நம் வீட்டில் ஓடுவது என்ன? நெடுந்தொடரில் மாமியாருடைய முகத்தை இடி முழக்கத்தோடு மும்முறை காட்டுவார்கள். செய்திச் சேனலில் மேலே ஒரு பட்டை, கீழே இரண்டு பட்டை, பக்கத்தில் வானிலைக் கட்டம், நடுவில் ஆறு பேர் ஆறு சதுரத்திலிருந்து ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். படச்சுருளில் விழுந்த கீறல் இன்றைக்கும் மழையாகப் பெய்துகொண்டிருக்கும். கடைக்காரர் கிளியை இறக்கிவிட்டு ஒரே ஒரு நாள் நம் ஊர் கேபிளை அந்தப் பத்து டிவியிலும் ஓடவிடட்டும். எது லட்ச ரூபாய், எது முப்பதாயிரம் என்று விலைச்சீட்டைப் பார்க்காமல் அவராலேயே சொல்ல முடியாது. அதனால்தான் ஓடவிடமாட்டார். கிளிக்கு அங்கே நிரந்தர வேலை.

இங்கே ஒரு மறுப்பு வரும். "அண்ணே, 4கே வந்த பிறகு இன்னும் கேபிள் கதை பேசுறீங்களே" என்பார்கள். பேசலாம், கணக்கோடு. 43 அங்குல டிவியின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். 4கே திரையில் குறுக்காக 3840 புள்ளிகள்; ஆக ஒரு புள்ளி கால் மில்லிமீட்டர். சரியான பார்வை உள்ள கண்ணுக்கு மூன்று மீட்டர் தூரத்தில் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க அவற்றுக்கிடையே ஏறக்குறைய 0.87 மில்லிமீட்டர் வேண்டும். அதாவது நாம் உட்காரும் பத்தடி தூரத்தில், 1280 புள்ளி கொண்ட பழைய எச்டி படத்தின் புள்ளியே நம் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. அது முக்கால் மில்லிமீட்டர்தான். அதைவிட மூன்று மடங்கு நுணுக்கமாகப் பொடித்து விற்கிறார்கள். கண்புரைக்கு நாள் குறித்துவிட்டு வருகிறவரும் அதையேதான் கேட்டு வாங்குகிறார். கடையில் வித்தியாசம் தெரிந்ததே என்றால், தெரியும். அங்கே நாம் டிவியிலிருந்து இரண்டடியில் நிற்கிறோம், கிளியின் மூக்கை மோந்து பார்க்கும் தூரம். வீட்டில் அந்த இடத்தில் போய் நின்றால், "மறைக்காதேப்பா" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. ஓஎல்இடியின் கறுப்பு நிஜமான கறுப்பு. அதற்கு ஈடு கிடையாது. ஒப்புக்கொள்கிறேன். இருட்டறையில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செட்டிநாட்டில் வீடு கட்டியவர்கள் இருட்டறை கட்டவில்லை. முகப்பு, பட்டாலை, வளவு என்று கட்டி, வளவுக்கு நடுவே வானத்தையே திறந்து வைத்தார்கள். முட்டை வெண்கருவும் கடுக்காயும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர் பளபளக்கிறது. தரையில் ஆத்தங்குடிக் கல் பளபளக்கிறது. போதாததற்கு பெல்ஜியம் கண்ணாடி. வெளிச்சத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து மூலை முடுக்கெல்லாம் பரிமாறுவதற்கென்றே செய்த ஏற்பாடு இது. அந்த வளவில் பகல் மூன்று மணிக்குத் திரைமேல் 500 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது, திரை அதில் நூற்றுக்கு இரண்டு பங்கைத் திருப்பி வீசுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், திரைமேல் ஏறக்குறைய 3 நிட் (திரையின் ஒளியை அளக்கும் அலகு) வெளிச்சம் சும்மாவே உட்கார்ந்திருக்கும். ஓஎல்இடியின் கறுப்பு 0. சுமாரான எல்சிடியின் கறுப்பு 0.2 என்று கொள்ளுங்கள். இரண்டோடும் 3-ஐக் கூட்டினால் ஒன்று 3, மற்றது 3.2. இந்த 0.2-க்காகத்தான் மகன் கிரெடிட் கார்டில் பதினெட்டு மாதத் தவணை கட்டுகிறான். திரை அணைந்த நேரத்திலோ இன்னும் வேடிக்கை: வளவுத் தூணும், கொடியில் காயும் துண்டும், நாற்காலியில் தூங்கும் ஐயாவும் அதில் அட்சரம் பிசகாமல் தெரிகிறார்கள். அந்தப் படத்துக்குக் கேபிள் வாடகையும் கிடையாது.

இதில் ஒரு பழைய வழக்கும் இருக்கிறது. தானே ஒளிரும் புள்ளி, பின்விளக்கு வேண்டாத படம் என்று இன்று எதற்கு லட்சம் கேட்கிறார்களோ, அதை இந்தத் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் காசே கொடுக்காமல் வைத்திருந்தன. 2006 தேர்தலில் திமுக வாக்குறுதி கொடுத்து, அந்த வருஷ செப்டம்பரிலேயே வழங்கத் தொடங்கிய 14 அங்குல கலர் டிவியைத்தான் சொல்கிறேன். அதன் படக்குழாயில் எலெக்ட்ரான் கற்றை பட்ட இடம் ஒளிர்ந்தது, படாத இடம் இருண்டது. 14 அங்குலம்தான், புள்ளி பெரிசுதான், தூக்கினால் இடுப்பு பிடிக்கும்தான். ஆனால் கொள்கையளவில் ஓஎல்இடிக்கு அது பெரியப்பா முறை. இலவசங்கள் மீதான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013-ல் தீர்ப்பும் வந்தது. அங்கேகூட ஒருவரும் இது என்ன பேனல் என்று கேட்டதாகத் தெரியவில்லை. வாங்கியவர்களும் கேட்கவில்லை, பார்த்தார்கள். பிறகு எல்சிடி வந்தது. தானே ஒளிர்ந்த பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டுப் பின்னால் விளக்கு வைத்த பலகையை வாங்கினோம், நவீனம் என்றார்கள். இப்போது பின்விளக்குப் பழசாம், தானே ஒளிர்வதுதான் நவீனமாம்.

"எதிர்காலத்துக்கும் தாங்கணும்ல" என்பது கடைசி மறுப்பு. எந்த எதிர்காலத்துக்கு? பிளாஸ்மாதான் எதிர்காலம் என்றார்கள். பானசோனிக் 2013 கடைசியில் அதன் உற்பத்தியை நிறுத்தியது, மற்றவர்கள் அடுத்த வருஷமே பின்தொடர்ந்தார்கள். 2010-ல் முப்பரிமாணம் வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு குடும்பத்தோடு பார்க்கலாம் என்றார்கள். 2017-ல் எல்ஜியும் சோனியும்கூட அதைக் கைகழுவின. நடுவில் திரையை வளைத்தார்கள், பிறகு அவர்களே நிமிர்த்தினார்கள். வருங்காலத்தைப் பற்றி இவ்வளவு தப்பாகச் சொல்லும் ஜோசியரிடம் நாம் இரண்டாம் முறை ஜாதகத்தைக் கொடுப்போமா? ஓஎல்இடிக்கு இன்னொரு கண்டமும் உண்டு. ஒரே படம் ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால் அங்கே தடம் விழும். கனடாவின் ஆர்டிங்ஸ் என்ற சோதனைக்கூடத்தார் 2018-ல் ஆறு ஓஎல்இடி டிவிகளை மாதக்கணக்கில் ஓடவிட்டார்கள். சிஎன்என் செய்திச் சேனல் ஓடிய திரையில்தான் தடம் நன்றாக விழுந்தது. சிஎன்என்னுக்கே அந்தக் கதி என்றால், நம் சேனல்களின் மேல்பட்டை, கீழ்பட்டை, மூலை முத்திரைகளை நினைத்துப் பாருங்கள். பிற்பாடு கிளியே வந்து உட்கார்ந்தாலும் அதன் காலடியில் 'பிரேக்கிங்' என்று லேசாகத் தெரியும். இப்போது வரும் திரைகள் தேறிவிட்டன என்கிறார்கள். தேறியிருக்கலாம். நம் சேனல்கள் தேறவில்லை.

அப்படியும் நல்ல திரையை வாங்கிவிட்டோம் என்றே இருக்கட்டும். அதை என்ன செய்கிறோம்? ஓரங்களில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரிப்பதில்லை. உரித்தால் புதுசு போய்விடும். ரிமோட்டைப் பாலிதீன் உறைக்குள் போட்டு ரப்பர் பாண்டு சுற்றுகிறோம். கடையில் கண்ணைப் பறிக்க வைத்திருந்த பளீர் நிற அமைப்பை மாற்றுவதில்லை. கதாநாயகி ஆயுள் முழுக்க மஞ்சள் குளித்த முகத்தோடே அழுகிறாள். அசைவை வழவழப்பாக்கும் அந்த வசதியை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று 2018 டிசம்பரில் டாம் குரூஸே வீடியோ போட்டுக் கெஞ்சினார். அவருக்கு நம் பாலிதீன் உறை தெரியாது. அதற்குள் 'மெனு' பொத்தான் அமுங்காது. வாங்கப் போகும்போதும் இதே கதைதான். மின்வேதியியலுக்கென்று நாட்டுக்கே ஒரு மத்திய ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. அதைத் தாண்டித்தான் டிவிக் கடைக்குப் போகிறோம். போய், நேற்று வரை மிக்ஸி பிரிவில் நின்ற பையனிடம் "தம்பி, இதுல குவாண்டம் எப்படி?" என்று கேட்கிறோம். அவனும் "சூப்பரா இருக்கும்ணே" என்கிறான். இருவருக்கும் திருப்தி.

ஆகவே வாங்கவேண்டியது எதுவென்றால், முதலில் காதால் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும். திரையை அப்பளமாக்கிவிட்டு ஒலிபெருக்கியை அடியில் தரையைப் பார்த்து வைக்கிறார்கள். வசனமெல்லாம் ஆத்தங்குடிக் கல்லுக்குத்தான் கேட்கிறது. இதை யாராவது பஸ்ஸில் பேசுகிறார்களா? சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். மாட்ட வரும் ஆள் ட்ரில்லைச் சொருகினால் நூறு வருஷத்துச் சுண்ணாம்புப் பூச்சு முழ அகலத்துக்குப் பெயர்ந்து வருகிறது. அதை மறுபடி பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த நோபல் பரிசே அறிவித்துவிடுவார்கள். சரி, மேஜைமேலேயே இருக்கட்டும் என்றால், கால் இரண்டையும் திரையின் இரண்டு ஓரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறான் படுபாவி. மேஜை மூன்றடி, காலுக்குக் கால் மூன்றரை அடி. ஒரு காலை மேஜையில் வைத்தால் மறுகால் வளவில் நிற்கிறது. தானே எரிந்து தானே அணையும் எண்பது லட்சம் புள்ளிகளைத் தனித்தனியாக ஆட்டிவைக்கத் தெரிந்த கம்பெனிக்கு, நடுவில் ஒரே ஒரு காலை வைக்கத் தெரியவில்லையே, அதை எந்தக் கடையில் போய்க் கேட்பது?