ஐந்தாமிடத்துச் சைபர்: வங்கிக் கிளைக் குறியீடு பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

நெஃப்டிலோ ஆர்டிஜிஎஸ்ஸிலோ பணம் அனுப்ப ஐஎஃப்எஸ்சி கோடு வேண்டும். அதற்கு 11 இடங்கள். முதல் நான்கெழுத்து வங்கியைச் சுட்டும். கடைசி ஆறு, கிளையைச் சுட்டும். இவற்றுக்கு நடுவே, ஐந்தாமிடத்தில் அமர்ந்திருக்கும் சைபர் எதைச் சுட்டும்? ஒன்றையும் சுட்டாது. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம்பிடிப்பதுபோல, எதிர்காலத் தேவைக்கென்று அந்த இடம் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நெஃப்ட் தொடங்கியது 2005 நவம்பரில். துண்டுக்குரியவர் இன்னும் பஸ் ஏறவில்லை.

2. இரு கட்சிகள்

இதனை 'ஓ' என வாசிப்போர் ஒரு கட்சி. சைபர் என்போர் மறு கட்சி. முன்னவரை ஓகாரர் என்றும் பின்னவரைச் சூனியர் என்றும் வழங்குவோம். ஸ்டேட் வங்கிக் கோடில் பூசலுக்கு இடமில்லை. பின்தொடர்வன யாவும் எண்களே. பாங்க் ஆஃப் பரோடாவில்தான் போர் மூள்கிறது. அங்கே கிளைப்பெயரைச் சுருக்கிய ஆறெழுத்து பின்னால் நிற்க, வங்கியின் நான்கெழுத்து முன்னால் நிற்க, இடையில் சிக்கிய சைபர் ஓகாரமாகவே தோன்றும். ஆகவே 'ஐந்தாவது எழுத்து சைபர்' என அவ்வங்கியே அடைப்புக்குறிக்குள் உரை எழுதிவிட்டது. மூலநூலாரே உரையாசிரியரும் ஆன அரிய நிகழ்வு இது. ஓகாரர் கட்சி இத்துடன் வீழ்ந்தது. எனினும் ஓகாரர் குறைந்தபாடில்லை.

3. களப்பதிவு

மண்டப முன்பணம் அனுப்புவதற்காக நிகழ்ந்த தொலைபேசி உரையாடல்:

"எஸ், பி, ஐ, என்... நாகப்பட்டினம் என்னுங்களா?"

"அதே என்தான் சார். அப்புறம் ஜீரோ."

"எத்தனை ஜீரோ?"

"நிறைய வருது சார். மொத்தம் பதினொண்ணு வர்ற மாதிரி போட்டுக்குங்க."

இங்கே முதல் ஜீரோ வெறும் ஜீரோ. அடுத்தவை கிளை எண்ணின் உறுப்புகள். காதுக்கு எல்லாம் ஒன்றே. மண்டபக்காரர் சூனியர் கட்சியின் தீவிரப் பிரிவைச் சேர்ந்தவர் என்க.

4. ஒப்பாய்வு

காசோலையின் அடிப்பட்டையில் உள்ள எம்ஐசிஆர் கோடு ஒன்பது எண்களால் ஆனது. முதல் மூன்று ஊர். அடுத்த மூன்று வங்கி. கடைசி மூன்று கிளை. சென்னைக்கு 600, மும்பைக்கு 400, தில்லிக்கு 110. இவை பின்கோடின் தலை மூன்றெண்களே. காந்தத்தன்மையுள்ள மையில் அச்சான இவற்றை எந்திரம் வாசிக்கும். அதனால்தான் நம் கையெழுத்தைப் பட்டைக்கு மேலேயே நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். 2008-இல் தில்லியிலும் 2011-இல் சென்னையிலும் வந்த சிடிஎஸ் முறையில் காசோலைத் தாள் போட்ட வங்கியிலேயே தங்கிவிடுகிறது. அதன் படமும் இந்த எண்களுமே பயணம் போகின்றன. ஒன்பதில் ஒன்றுகூடச் சும்மா இருப்பதில்லை. நம் சைபருக்கோ அப்படியொரு கவலையில்லை.

5. நிலைபேறு

உழைப்போர் நிலைப்பரோ எனின், நிலையார். 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனராவில் கலந்தது. அதன் எஸ்ஒய்என்பி என்னும் நான்கெழுத்து 2021 ஜூலை முதல் செல்லாதாயிற்று, சிஎன்ஆர்பி வந்தமர்ந்தது. கிளை எண்ணோடு 10,000 கூட்டப்பட, ஏழாமிடத்துச் சைபர் ஒன்றாகப் பதவி உயர்வு பெற்றது. இடப்பக்கம் வங்கி போயிற்று; வலப்பக்கம் கிளை மாறிற்று. ஐந்தாமிடத்தார் அசையவில்லை. 'ஆக்சிஸ் வங்கி 2007-இல் பெயர் மாறியும் யூடிஐபி என்னும் பழைய நான்கெழுத்தை வைத்திருக்கிறதே' எனின், அது விலக்கு; விதி ஆகாது.

ஜிஎஸ்டி செலுத்த ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் கோடின் கடைசி ஆறெழுத்து ஜிஎஸ்டிபிஎம்டி. அப்பெயரில் ஊருமில்லை, தெருவுமில்லை. அந்தக் கோடிலும் ஐந்தாமிடத்தில் நம்மவர் இருக்கிறார்.

6. முடிவு

எதையும் சுட்டாதது எதனாலும் காலாவதியாகாது என்பது இதனால் பெறப்பட்டது. ஏழாமிடத்துச் சைபரின் பதவி உயர்வு தனி ஆய்வுக்குரியது. அதற்கு நிதியுதவி தேவை. அனுப்ப முன்வருவோர் ஐந்தாமிடத்தில் 'ஓ' அடிக்காமல் இருக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.