துடியலூரிலிருந்து அலை தேடி

கேள்வி: ஏனுங்க, பிரேசில் கடலோரமா கார்ல சுத்தி, அலைச்சறுக்கு விளையாடோணும்னு எங்க வீட்டுக்காரருக்கு ஆசை. போலாமுங்களா? – துடியலூர் வாசகி

பதில்: தாராளமாக! கடலோர மாநிலங்கள் வழியே பிஆர்-101 நெடுஞ்சாலை 4,000 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. பாயா ஃபோர்மோசாவுக்கு அவசியம் வண்டியைத் திருப்புங்கள். மீன் வியாபாரி மகன் இட்டாலோ ஃபெரேரா, அப்பாவின் மீன்பெட்டித் தெர்மோகோல் மூடியில் அலையேறப் பழகிய ஊர் அது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அலைச்சறுக்கின் முதல் தங்கம் அவருக்கே.

முதலில் சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் இறங்குங்கள். மீனவர் மூர்த்தி மேகவன் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளி இருக்கிறது. பழகும்போது குடிக்கப்போகும் உப்புத்தண்ணீருக்கு விமான டிக்கெட் எதற்கு?

அப்படியே மாமல்லபுரம். 2025 ஆகஸ்டில் அங்கே நடந்த ஆசியப் போட்டியில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்.