ஆப்பிளுக்கு இருக்கிற மரியாதை

எங்கள் குடும்பத்தில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், என்ன நோய் என்று டாக்டர் கண்டுபிடிப்பதற்கு முன்பே என்ன பழம் என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்துவிடுவார்கள். ஆப்பிள்தான். காலில் கட்டுப் போட்டிருந்தாலும் ஆப்பிள், கண்புரை எடுத்திருந்தாலும் ஆப்பிள். வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று பலகை மாட்டியிருந்தால்கூட, "கூட இருக்கிறவங்க சாப்பிடட்டும்" என்று ஆப்பிள். கேரி பையின் கனத்தை வைத்துத்தான் பாசத்தின் கனம்.

கொய்யாவுக்கு இந்த யோகம் கிடையாது. பழனிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆயக்குடி, கொய்யாவுக்குப் பேர்போன ஊர். அந்தப் பக்கத்து பஸ் ஸ்டாண்டுகளில் வண்டி நின்றதும் கொய்யாக் கூடைதான் முதலில் ஜன்னலுக்கு வரும். காயுமில்லாமல் பழமுமில்லாமல் செங்காயாக ஒன்றைப் பொறுக்கி, அடி பிரியாமல் நான்காகக் கீறி, பூப்போல விரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்ததை விரலால் உள்ளே தேய்த்துக் கொடுப்பார்கள். அந்த விரல் அதற்கு முன் எங்கெங்கே இருந்தது என்று கேட்பவன் கொய்யா தின்னத் தகுதியில்லாதவன். ஆனால் இதே பழத்தை ஒரு நோயாளிக்கு வாங்கிப் போனால் நம்மைக் கஞ்சன் என்பார்கள்.

சத்துக் கணக்கைப் பார்த்தால் வயிறு எரியும். 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதே எடை ஆப்பிளில் 5 மில்லிகிராம் தேறினால் அதிகம். வைட்டமின் சிக்கு அம்பாசிடர் மாதிரி திரிகிற ஆரஞ்சே 50 சொச்சத்தில் நின்றுவிடுகிறது. நார்ச்சத்து கொய்யாவில் 5 கிராமுக்குக் குறையாது. ஆப்பிளில் தோலோடு சேர்த்து இரண்டரை கிராம் சுமார். புரதம் ஆப்பிளில் அரை கிராம்கூட இல்லை. நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர், பத்துப் பங்கு சர்க்கரை. சுருக்கமாகச் சொன்னால், கடித்துக் குடிக்கிற இளநீர்.

அந்த இரண்டரை கிராம் நார்ச்சத்தாவது நோயாளிக்குப் போய்ச் சேர்கிறதா என்றால், எங்கள் பெரியம்மா விடமாட்டார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பெரியப்பாவின் கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஆப்பிளை இடது கையில் உருட்டிக்கொண்டே, தோலை அறுபடாமல் ஒரே நாடாவாகச் சீவி எடுப்பார். அந்த நாடா ஆடிக்கொண்டே முழங்கால் வரை இறங்கும். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். ஆப்பிளில் பெருமைப்பட்டுக்கொள்ள ஏதாவது இருந்தால் அது தோலில்தான் இருக்கிறது. நார்ச்சத்தில் ஏறக்குறைய பாதியும், குவெர்செட்டின் மாதிரியான நல்ல சரக்கெல்லாமும் அங்கேதான். அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, வழித்தெடுத்த வெள்ளைப் பகுதியை, "சத்து, சாப்பிடுங்க" என்று நீட்டுவார். மெழுகு பூசியிருக்கிறார்களாம், அதனால் தோல் ஆகாதாம். சத்து வேண்டும் என்று ஆப்பிள் வாங்குவது, மெழுகுக்குப் பயந்து சத்தைச் சீவி எறிவது. இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை.

தினம் ஓர் ஆப்பிள் தின்றால் டாக்டரே வேண்டாம் என்கிற வெள்ளைக்காரப் பழமொழியை அமெரிக்காவில் சிலர் நிஜமாகவே சோதித்துப் பார்த்தார்கள். 2015இல், ஏப்ரல் முட்டாள் தினத்தை ஒட்டி, ஒரு பெரிய மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. எட்டாயிரத்துச் சொச்சம் பேரின் விவரங்களை அலசியதில், மற்ற வித்தியாசங்களைக் கழித்துப் பார்த்தால், தினமும் ஆப்பிள் தின்பவர்களும் மற்றவர்களைப் போலத்தான் டாக்டரிடம் போகிறார்கள் என்று தெரிந்தது. மருந்துச் சீட்டு மட்டும் கொஞ்சம் குறைகிறதாம். பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "டாக்டரே வந்து பார்க்கட்டும்னுதானே இங்க படுத்திருக்கேன்" என்றார்.

சரி, சுதேசி உணர்ச்சியையாவது கிளப்பலாம் என்று பார்த்தேன். அதுவும் வேலைக்காகாது. கொய்யாவின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதி. கப்பல் ஏறி வந்த சரக்கு. ஆப்பிளின் தாய்வீடு கஜகஸ்தான் பக்கத்து மலைக்காடு. இரண்டும் வந்தேறிகள். போதாக்குறைக்கு, சிம்லா பக்கம் கோட்கரில் 1916 வாக்கில் அமெரிக்க ஆப்பிள் கன்றுகளை நட்ட ஸாமுவேல் ஸ்டோக்ஸ், பிறகு ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து சிறைக்குப் போனவர். சத்யானந்தர் என்று பெயரும் மாற்றிக்கொண்டார். தேசபக்தியில் போட்டி வைத்தால் ஆப்பிளுக்கு ஜெயில் அனுபவம் வேறு இருக்கிறது.

வாதத்தால் ஆகாததைச் செயலால் காட்டுவோம் என்று, மறுநாள் ஒரு கிலோ கொய்யா வாங்கிப் போனேன். வார்டு வாசலிலேயே வாசனை எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டது. பெரியம்மா பையைப் பிரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பையைப் பார்த்தார்.

"ஏப்பா, வேலையெல்லாம் எப்படிப் போகுது? ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

நான் 200 மில்லிகிராமைப் பற்றி ஆரம்பித்தேன். ஓரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா நிமிர்ந்தார். ரிட்டையர் ஆகும்வரை கணக்குப் பிரிவில் பிறர் பில்லைத் திருப்பி அனுப்பியே பழகிய மனிதர்.

"ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்?"

"ஆம்பளைக்கு 80 மில்லிகிராம்."

"இந்தப் பழத்துல ஒண்ணு?"

"முந்நூறு இருக்கும்."

"மிச்சம் எங்க போகும்?"

உடம்புக்குத் தேவைக்கு மேலே போன வைட்டமின் சி சிறுநீரில் வெளியேறிவிடும் என்கிற உண்மையை, ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும் அறையில் எப்படிச் சொல்வது? கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள இந்த வைட்டமின் ஒத்தாசை செய்யும் என்று வேறு பக்கம் திரும்பினேன். "ஆஸ்பத்திரியில ரசஞ்சாதம் போடுறான்" என்று சித்தப்பா ஃபைலை மூடினார்.

அதற்குள் பெரியப்பாவே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டிருந்தார். முகம் மலர்ந்தது. அப்புறம் தாடை நின்றது. பல்செட்டுக்கு அடியில் விதை. பல்செட்டைக் கழற்றிக் கழுவி மாட்டுகிற காட்சிக்குள் என் கட்சி கரைந்தே போனது. நல்லவேளையாக ஊசி போட வந்த நர்ஸ், "அய்யோ கொய்யாவா, உப்பு இருக்கா?" என்று கேட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். படித்தவர்.

ஆப்பிளின் உண்மையான பலம் சத்தில் இல்லை என்று அந்த அறையின் ஜன்னல் திட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஐந்தாறு பைகளில் ஆப்பிள், ஒவ்வொன்றும் நுரை வலைச் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் ஸ்டிக்கரோடு, வந்த மேனிக்கு உட்கார்ந்திருந்தது. ஆக்ஸிஜனைக் குறைத்த குளிர்க் கிடங்கில் மாதக்கணக்கில் தூங்கிப் பழகிய பழம் அது. நாலு நாள் ஆஸ்பத்திரி அதற்கு ஒரு பொருட்டா? பெரியப்பாவுக்கு வந்த ஆப்பிள், மூன்றாம் மாடியில் படுத்திருந்த சம்பந்திக்குப் போனது. அங்கிருந்து ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போனதாகவும் கேள்வி. கொய்யா இரண்டாம் நாளே பழுத்து, மூன்றாம் நாள் ஊரைக் கூட்டிவிடும். கை மாற்றிவிட முடியாத பழத்தை யார் வாங்கிப் போவார்கள்?

இப்போது ஆப்பிளின் இடத்துக்கே ஆள் வந்துவிட்டது. டெங்கு என்றால் கிவி என்று சென்னைத் தம்பி சொல்லிக்கொண்டு திரிகிறான். கிவியில் வைட்டமின் சி 100 கிராமுக்கு 90 சொச்சம்தான், கொய்யாவில் பாதிகூட இல்லை என்று நான் மறுபடி ஆரம்பிக்க, பெரியம்மா போனிலேயே கையமர்த்திவிட்டார். பெரியப்பாவுக்கு மறுபரிசோதனைக்கு ஒரு நாள் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

"வர்றப்ப அந்தக் கொய்யாவே வாங்கிட்டு வா, அவருக்கு அதுமேலதான் ஆசை. ஆனா பையில மேலாக ரெண்டு ஆப்பிள் வெச்சுக் கொண்டா. நாலு பேர் வந்து போற எடம் பாரு."