பூஜ்யத்துக்குச் சம்பளம் கிடையாது

ஓயாமல் தானே சுழலும் இயந்திரம் செய்யப்போய் பாஸ்கல் தற்செயலாக ரூலெட்டைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் கேட்காதீர்கள்; சூதாட்டத்துக்கு முன்னால் ஒரு கணித மேதையை நிறுத்தினால் கௌரவமாக இருக்கிறது, அவ்வளவுதான். நம் கதையின் மேதைகள் பிரான்சுவா, லூயி என்ற பிளான் சகோதரர்கள்.

1830களில் போர்தோவில் பங்கு வியாபாரம் பார்த்தவர்கள். பாரிஸ் நிலவரம் ஊருக்கு வருமுன் தங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அரசாங்க சமிக்ஞைக் கோபுர ஊழியருக்குக் கையூட்டுக் கொடுத்தார்கள். அரசுச் செய்தியின் முதுகில் ஏறி இவர்களுடைய சங்கேதமும் கோபுரம் கோபுரமாகத் தாவியது. 1836இல் அகப்பட்டார்கள். ஆனால் அப்படிச் செய்தி கடத்துவது குற்றம் என்று சொல்லத்தான் சட்டம் இல்லை! தப்பித்தார்கள். அடுத்து அவர்கள் கண் சூதாட்டத்தின் மேல். பிரான்சிலோ சூதாட்ட விடுதிகளையே இழுத்து மூடிவிட, அண்ணனும் தம்பியும் ஜெர்மனிக்கு நடையைக் கட்டினார்கள்.

அங்கே ஹோம்பர்க்கில், 1843இல், அரிய காரியம் ஒன்று செய்தார்கள். அதுவரை ரூலெட் சக்கரத்தில் இரண்டு பூஜ்யங்கள். ஒன்றைப் பிடுங்கி எறிந்தார்கள். வள்ளல்கள் என்று கூட்டம் அலைமோதியது.

வள்ளல்தன்மையின் கணக்கைப் பாருங்கள். ஒரே எண்ணில் ஒரு காசு கட்டி ஜெயித்தால் 35 காசு லாபம். இரண்டு எண்களுக்கு நடுவே கோட்டில் வைத்தால் 17. ஒரு வரிசை மூன்று எண்களுக்கு 11, நான்கு எண்கள் சேரும் மூலையில் 8, ஆறு எண்களுக்கு 5, பன்னிரண்டுக்கு 2. சிவப்பா கறுப்பா, ஒற்றையா இரட்டையா என்றால் ஒன்றுக்கு ஒன்று. போட்ட காசும் திரும்பி வரும். எல்லாம் 36 குழிகளுக்குப் போட்ட நேர்மையான கணக்கு. சக்கரத்தில் இருப்பதோ 37. அத்தனை எண்ணிலும் ஒவ்வொரு காசு வையுங்கள். 37 கொடுத்து 36 வாங்கிக்கொண்டு எழுந்து வரலாம். பச்சைக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பூஜ்யம் சோறு தண்ணீர் கேட்காமல் நூற்றுக்கு 2.7 வீதம் முதலாளிக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது.

இந்த ஊழியனை மொனாக்கோவுக்குக் கூட்டிப்போனவர் பிரான்சுவா. 1861இல் நிலத்தில் பெரும்பகுதியை பிரான்சுக்கு விற்றுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்த குட்டி நாடு அது. 1863இல் பிரான்சுவா சூதாட்ட உரிமையைக் கையில் எடுத்தார். 1869இல் இளவரசர் குடிமக்களுக்கு வரியையே ரத்து செய்தார். வெளியூர்க்காரன் தோற்பதில் உள்ளூர்க்காரனுக்கு வரிச்சலுகை. ஆனால் சொந்தக் குடிமக்கள் மேஜைப் பக்கம் வரக்கூடாது. பாசம் என்றால் இது!

1913 ஆகஸ்ட் 18. மொனாக்கோவின் மோன்டே கார்லோ சூதாட்ட விடுதியில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. இனி சிவப்பு வந்தே தீரும் என்று கனவான்கள் தொகையை ஏற்றி ஏற்றிக் கட்டினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சிவப்புக்கு இருந்த வாய்ப்பு அதே 37இல் 18தான். பிரான்சுவா 1877இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைய வசூலைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.