மாதம் 6 டாலர்

கேள்வி: அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களுக்குக் கல்வி கொடுத்ததில் குவேக்கர்களுக்குப் பெரும் பங்கு உண்டாமே?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: உண்டு. அந்தக் காலக் குவேக்கர்கள் பெரும்பாலும் வாய் திறக்காமல் மௌனமாக உட்கார்ந்து வழிபட்ட கிறிஸ்தவர்கள். ஆனால், கறுப்பினப் பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்க வழிசெய்தவர்களும் அவர்களே! ஃபிலடெல்ஃபியாவில் அந்தோணி பெனசெட் என்ற குவேக்கர் ஆசிரியர், 1750 முதல் மாலை வேளைகளில் தன் வீட்டிலேயே அவர்களுக்குப் பாடம் சொன்னார். அவருடைய வற்புறுத்தலால் 1770-ல் குவேக்கர்கள் தனிப் பள்ளியே தொடங்கினார்கள். கறுப்பர்களுக்கு அறிவு மட்டு என்று பலரும் நம்பிய காலத்தில், 'வெள்ளைப் பிள்ளைகளுக்கு இவர்கள் எதிலும் இளைத்தவர்கள் அல்லர்' என்று அனுபவத்தில் கண்டு சொன்னவர் அவர்.

இத்தனைக்கும், குவேக்கர்களிலும் அடிமை வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். ஃபிலடெல்ஃபியா குவேக்கர்கள் அதை அடியோடு தடைசெய்தது 1776-ல்தான்.

பிறகு ரிச்சர்ட் ஹம்ஃப்ரீஸ் என்ற குவேக்கர் எழுதிவைத்த 10,000 டாலரில், 1837-ல் கறுப்பின இளைஞர்களுக்கான கல்வி நிலையம் பிறந்தது. அதே ஆண்டில் அடிமையாகப் பிறந்தவர் ஃபேனி ஜாக்சன். மாதம் 6 டாலர் கூலிக்கு உழைத்த அவருடைய தாயின் சகோதரி, காசு காசாகச் சேர்த்து, 125 டாலர் கொடுத்து அவரை மீட்டார். அந்தச் சிறுமிதான் 1869-ல் அதே கல்வி நிலையத்துக்குத் தலைமையாசிரியை ஆனார்!

ஹம்ஃப்ரீஸின் 10,000 டாலரை வணங்குவோம். அந்த 125 டாலரை அதற்கு ஒரு படி மேலே வைத்து வணங்குவோம்.