காணிக்கு 24 கிரவுண்டு

எங்கள் பக்கத்தில் நிலத்தைக் காணிக் கணக்கில்தான் சொல்வார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே, சுங்குவார்சத்திரம் போகிற வழியில் எங்களுக்கு ஒன்றரைக் காணி இருந்தது. ஏரிப் பாசனம். கத்தரிக்காய் மூட்டையைப் பஸ் கூரையில் ஏற்றிக் கொத்தவால்சாவடிக்குக் கொண்டுபோவார் அப்பா. பட்டணத்தில் யாராவது ஊர் கேட்டால், "ராமானுஜர் பிறந்த ஊர்" என்று பெருமையாகச் சொல்வார். 1991 மே மாதத்துக்குப் பிறகு, "ராஜீவ் காந்தி இறந்த ஊரா?" என்று அவர்களே முந்திக்கொண்டார்கள். இப்போது கேட்பது ஒன்றுதான்: "அங்க கிரவுண்டு என்ன ரேட்டு?"

1996இல் காய்கறி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனது. கொஞ்ச நாளில் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வருகிறது என்றார்கள். மாட்டுத் தரகரையே பார்த்துப் பழகிய எங்கள் திண்ணையில், வெள்ளைச் சட்டைத் தரகர் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"காணின்னா 24 கிரவுண்டு. தெரியும்ல, பெரியவரே?"

அப்பா விரல்விட்டு எண்ணினார். மொத்தம் 36. ஏரி வறண்ட வருஷங்களில்கூட நன்றாகத் தூங்கிய மனுஷர், அன்று ராத்திரி தூங்கவில்லை.

1998இல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. பிறகு கண்ணாடி, செல்போன், டிவி என்று வரிசையாக வந்தன. 2006இல் ஆரம்பித்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. நெல்லே எட்டு வருஷத்துக்கு மேல் எங்கள் மண்ணில் நின்றிருக்கிறது என்பார் அப்பா. நான் மட்டும் யோக்கியமா? ஒரு காணியை விற்று, மிச்சத்தில் பத்து ரூம் லைன் வீடு கட்டினேன். ஒடிசாப் பையன்கள் குடியிருக்கிறார்கள். வாடகைக்கு ரசீது கேட்டால் புரிகிற அளவுக்கு எனக்கு இந்தி கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கிற அளவுக்கு நான் இன்னும் தேறவில்லை.

விடிகாலை நாலரைக்குக் கம்பெனி பஸ்கள் தெரு முனையில் வரிசை கட்டுகின்றன. ஜன்னலில் தலை சாய்த்து, ஈரத் தலைமுடியோடு, அடையாள அட்டை கழுத்தில் தொங்கத் தூங்கிக்கொண்டே போகிற பெண்கள். அவர்கள் சம்பளத்தில் திருவண்ணாமலைப் பக்கம் எத்தனையோ ஓலைக் கூரைகள் தளமாகியிருக்கின்றன. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஏரியின் வரத்துக் கால்வாய் மேல் மனை போட்டதைத்தான் சொல்வேன். 2015 மழையில் தண்ணீர் பழைய வழியைத் தேடிக்கொண்டு என் பத்து ரூமுக்குள்ளும் வந்து பார்த்துவிட்டுப் போனது.

போன வாரம் அப்பாவைக் கண் டாக்டரிடம் காட்டச் சென்னைக்குக் கூட்டிப்போனேன். பூந்தமல்லி தாண்டுவதற்குள் இரண்டு மணி நேரம். முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள்.

"கத்தரிக்கா மூட்டையோட போனப்பவே ஒன்றரை மணி நேரத்துல பாரிமுனை போயிருவேனே," என்றார். "பட்டணம் கிட்ட வந்துருச்சுன்னு சொன்னியேடா?"