பிரம்ம கமலம்: மாடியில் ஒன்று, மலையில் ஒன்று

கே: எங்கள் வீட்டு மாடியில் பிரம்ம கமலம் பூத்தது. தெருவே திரண்டு வந்து கும்பிட்டது. இமயமலைப் பூதானே இது?

ப: பூத்ததற்கு வாழ்த்துகள்! ஆனால் உங்கள் தொட்டியில் இருப்பது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி. இலை என்று ஒடித்து நடுகிறோமே, அதுவே தண்டுதான். இமயமலைப் பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பம். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கே: அப்படியானால் மலையில் இருப்பது எப்படி இருக்கும்?

ப: பெரும்பாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாத செடி. உச்சியில் மஞ்சளும் பச்சையும் கலந்த வெளிர் மடல்கள், எண்ணெய்த்தாள் மாதிரி வெளிச்சம் ஊடுருவ, குவிந்து நிற்கும். படம் பார்ப்பவர்கள் அவற்றையே இதழ் என்பார்கள். மடலை மெல்ல விலக்குங்கள்: உள்ளே கருஊதா நிறத்தில் நெருக்கியடித்துக்கொண்டு சிறு பூங்கொத்துகள். அவைதாம் பூ. மழையும் குளிர்காற்றும் மடலோடு நின்றுவிடும். உள்ளே வெதுவெதுப்பு, மகரந்தமும் நனையாது. எத்தனை அழகான ஏற்பாடு!

கே: பனிக்காலத்தில் செத்துப்போகாதா?

ப: மேலே உள்ளது காயும். மண்ணுக்குள் வேர்த்தண்டு உயிரோடிருக்கும். பனி உருகட்டும், துளிர்த்துவிடும்.

கே: ஊட்டியில் வளர்க்கலாமா?

ப: அது பெரும்பாலும் 3,500 மீட்டருக்கு மேலே குடியிருப்பது. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். விட்டுவிடுங்கள், நீலகிரிக்குக் குறிஞ்சி இருக்கிறது.

கே: எங்கே போய்ப் பார்ப்பது?

ப: உத்தராகண்டின் மாநில மலர் அது. அங்கே காங்கரியாவிலிருந்து ஹேமகுண்ட் சாஹிபுக்கு ஏறும் பாதையில், ஆகஸ்ட், செப்டம்பரில் பார்க்கலாம். பூக்களின் பள்ளத்தாக்கும் பக்கத்தில்தான். 1931-ல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத் கண்டு சொக்கிப்போன இடம்.

கே: கேதார்நாத் போகிறேன். சுவாமிக்குப் படைக்க இந்தப் பூவை வாங்கலாமா?

ப: வேண்டாம். நந்தாதேவிக்குப் படைக்கும் நந்தாஷ்டமிக்கு முன் இதைப் பறிப்பதில்லை என்பது மேல்மலைக் கிராமங்களின் பழைய வழக்கம். அது ஆவணி, புரட்டாசி வாக்கில் வரும். அதற்குள் பல பூக்கள் விதை பிடித்துவிடும். பக்தியும் குறையவில்லை, செடியும் அழியவில்லை. யாத்திரைக் கூட்டத்துக்காக முன்கூட்டியே பறித்தால், அந்தப் பூவின் விதை போச்சு. பறிப்பவர் வயிற்றுப்பாட்டுக்காக ஏறுகிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கேட்கும் கை நம்முடையது. சிவனுக்கு வில்வம் உகந்தது. அதைக் கொண்டுபோங்கள்.